அணிகலனும் எண்ணமும்

திண்டுக்கல் நகருக்குத் தென்மேற்கே, பழனி மலைத்தொடரின் கீழ்மலைகள் சமவெளியைத் தொடும் இடத்தில் ஆத்தூர் என்னும் ஊர் அமைந்துள்ளது. மலையினின்று இறங்கும் நீர் அங்கே காமராசர் நீர்த்தேக்கத்தில் நிறைந்து நிற்கின்றது. குடகனாறு அப்பகுதியினின்று புறப்பட்டு வடக்கு நோக்கி ஓடி அமராவதியோடு கலக்கின்றது. தென்னந்தோப்பும் நெல்வயலும் பூந்தோட்டமும் சூழ்ந்த நாடு அது. அந்நாட்டுச் சிற்றூர்களில் மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து பூத்தொடுக்கும் பெண்களைக் காணலாம்.

அவர்களுள் ஒருத்தியின் விரல்களைச் சற்று நின்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். மல்லிகையை இரண்டிரண்டாக வைத்துத் தொடுத்து வருகின்றவள் இடையே ஒரு கொத்து மருக்கொழுந்தைச் சேர்க்கின்றாள். தள்ளிப் பிடித்துப் பார்க்கின்றாள். மனநிறைவு தோன்றவில்லை போலும், மருக்கொழுந்தை எடுத்துவிட்டுக் கனகாம்பரத்தை வைக்கின்றாள். பின்னர், இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன என்று எண்ணுகின்றாள் போலும். வெள்ளையும் பச்சையும் செம்மஞ்சளும் மாறிமாறி வரும் புதிய சரம் ஒன்று அவள் மடியில் வளர்கின்றது. அவளுக்கு எவரும் இவ்வாறு செய்க என்று கட்டளையிடவில்லை. அவள் தொடுத்தது ஒரே பொழுதில் வாடிவிடும் அணிகலன்தான். ஆயினும் அதனைத் தொடுக்கும்போது அவள் உள்ளத்தில் நிகழ்வது, பொன்னிலும் மணியிலும் அணிகலன் செய்யும் கைவினைஞரின் உள்ளத்தில் நிகழ்வதே ஆகும்.

புதிய வடிவம் எவ்வாறு பிறக்கின்றது? அது பிறவியிலேயே சிலர்க்கு மட்டும் வாய்க்கும் வரம் என்று பலர் நம்புகின்றனர். தமக்கு அவ்வரம் கிட்டவில்லை என்று முடிவு செய்து, பிறர் செய்ததைப் பார்த்துச் செய்வதோடு அமைந்துவிடுகின்றனர். இந்நம்பிக்கை தவறானது, கைத்தொழிலுக்குக் கேடு விளைப்பதும் ஆகும். புதுமை என்பது பழக்கத்தால் வருவது. ஒன்றுக்குப் பல எண்ணங்களைத் திரட்டுதல், திரட்டும்போது அவற்றைப் பழிக்காதிருத்தல், திரட்டிய பின் அஞ்சாது ஆராய்ந்து தேர்தல், தேர்ந்ததைக் கையால் செய்து பார்த்தல் ஆகிய நான்கும் பழகியோர்க்குப் புதிய வடிவம் கைகூடும். கையால் செய்யும் அணிகலன்களின் வரலாறே இதற்குச் சான்று.

ஆத்தூர் அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனிக்கு அருகில் மலையடிவாரத்தில் பொருந்தல் என்னும் சிற்றூர் உள்ளது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கு அகழாய்வு நடைபெற்றது. ஈமக்குழி ஒன்றில் கிடைத்த நெல்மணிகளை ஆய்ந்த அறிஞர் அவை கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தவை எனக் கண்டனர். அவ்வகழாய்வில் ஆயிரக்கணக்கான மணிகள் கிடைத்தன. பல நிறக் கண்ணாடி மணிகளும், சூதுபவளம் முதலிய கல்மணிகளும் அவற்றுள் அடங்கும். கண்ணாடி மணி செய்வதற்குப் பயன்பட்ட உலையின் எச்சமும் அங்கே காணப்பட்டது. அந்நாளைய மக்கள் மணிகளைப் பிற நாட்டினின்று வாங்கி மட்டும் அணியவில்லை; தம் ஊரிலேயே நெருப்பை மூட்டி மணிகளைச் செய்தனர் என்பது இதனால் விளங்குகின்றது.

கண்ணாடி மணி செய்வது எளிய வேலையன்று. ஒரு துளை இல்லாவிடின் மணி மணியாகாது. புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் மணி செய்தோர் இத்துளைக்கு வியத்தகு வழி ஒன்றைக் கண்டனர். அவர்கள் ஒவ்வொரு மணியாகத் துளையிடவில்லை. உருகிய கண்ணாடிக் குழம்பின் நடுவே வெற்றிடம் நிற்குமாறு செய்து, அதனை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்தனர். அக்குழாயைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கினர். கூரிய விளிம்புகள் மழுங்கும்பொருட்டு அத்துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றினர். ஒரே முயற்சியில் எண்ணற்ற மணிகள் துளையோடு தோன்றின. ஆந்திர நாட்டிலுள்ள பாப்பாநாயுடுபேட்டை என்னும் ஊரில் அண்மைக் காலம் வரை இம்முறை வழங்கி வந்தது. மணியைச் செய்து துளையிடுவதே உலக வழக்கமாக இருக்க, துளையை முதலில் செய்து மணியைப் பின்னர் நறுக்கலாம் என்று எண்ணியவர் யாவர்? அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும், வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிப் பார்த்த அவரது எண்ணம் இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்தது.

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலிலும் இத்தகைய சான்று உண்டு. அங்கே படிகம், சூதுபவளம் முதலிய கற்களில் மணி செய்தனர். முற்றுப்பெற்ற மணிகளோடு, அரைகுறையாகச் செதுக்கப்பட்ட மணிகளும் அகழாய்வில் மிகுதியாகக் கிடைத்தன. அருங்காட்சியகத்தில் மக்கள் கண்டு வியப்பது முழு மணிகளையே. ஆனால், தொழிலின் உண்மை வரலாற்றைச் சொல்வன அந்த அரைகுறை மணிகளே. ஒரு நன்மணிக்குப் பின்னே பல முயற்சிகள் உள்ளன. ஒரு நல்லெண்ணத்திற்குப் பின்னேயும் அவ்வாறே பல எண்ணங்கள் உள்ளன.

தமிழர் தம் அணிகலன்களுக்கு இட்ட பெயர்களை எண்ணிப் பார்த்தாலும் இவ்வுண்மை தெளிவாகும். மாங்காய் மாலை, முல்லையரும்பு மாலை, சடைநாகம், மகரக்குழை, அன்னப் பதக்கம் ஆகிய பெயர்கள் எங்கிருந்து வந்தன? தோப்பிலும் வேலியோரத்திலும் கோயிற் சுவரிலும் கண்ட வடிவங்களையே கைவினைஞர் அணிகலனாக்கினர். மாங்காயின் வளைவை எல்லாரும்தான் கண்டனர். அவ்வளைவுகளை வரிசையாக அடுக்கினால் கழுத்தின் வளைவோடு இயையும் என்று கண்டவரோ ஒருவர்.

காசுமாலையின் கதை இன்னும் சுவையுடையது. காசு பண்டம் வாங்குவதற்கு உரியது. உரோமாபுரியின் பொற்காசுகள் பண்டைக் காலத்தில் வணிகத்தின் வழியே தென்னாட்டிற்கு மிகுதியாக வந்தன. அக்காசுகளுள் சில துளையிடப்பட்டும், வளையம் பற்றவைக்கப்பட்டும் இந்நாட்டில் கிடைத்துள்ளன. ஒரு நாட்டு மன்னனின் முகம் பொறித்த நாணயத்தை மற்றொரு நாட்டுப் பெண் கழுத்தில் அணிந்தாள். இப்பொருளை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்ற ஒரு கேள்வியின் விளைவு அது.

தென்பாண்டி நாட்டு முதிய பெண்கள் அணிந்த பாம்படத்தைக் காண்போர் மற்றொரு வியப்பை அடைவர். அதில் பூவுமில்லை, கொடியுமில்லை. சதுரமும் உருண்டையும் முக்கோணமும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கணக்கு வகுப்பில் கற்கும் வடிவங்களே அங்கு அணிகலனாயின. மெல்லிய பொற்றகட்டை மேலே போர்த்து, உள்ளே அரக்கை நிரப்பினர். ஆதலால் பெரிய உருவும் குறைந்த பொன்னில் அமைந்தது. தோற்றம், செலவு, எடை ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணிய அறிவு அது.

வெளியே தெரியாத இடத்திலும் கைவினைஞரின் எண்ணம் வேலை செய்யும். சிலப்பதிகாரத்தின் கதையே இதற்குச் சான்று. கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் காண்பார் கண்ணுக்கு ஒத்திருந்தன. உள்ளிடு பரலில் மட்டுமே அவை வேறுபட்டன. ஒன்றில் மாணிக்கம், மற்றொன்றில் முத்து. அவ்வேறுபாடு வெளிப்பட்டபோது நீதி வெளிப்பட்டது. சிலம்பினுள்ளே எதனை இடலாம் என்று பெயரறியாக் கலைஞர் ஒருவர் எண்ணித் தேர்ந்ததாகக் காப்பியம் அமைத்த அச்சிறு வேறுபாட்டின் மேல்தான் கதை முழுவதும் நிற்கின்றது.

பண்டைக் கைவினைஞர் தாமே அறியாமல் கைக்கொண்ட இவ்வழிகளை, இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மேலைநாட்டார் சிலர் ஆராய்ந்து விதிகளாக வகுத்தனர். அவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் அலெக்சு ஆசுபர்ன் என்னும் அமெரிக்கர். நியூயார்க் நகரின் விளம்பர நிறுவனம் ஒன்றின் தலைவர்களுள் அவர் ஒருவர். கூட்டங்களில் புதிய கருத்துகள் எழாமைக்குக் காரணம் என்ன என்று அவர் ஆராய்ந்தார். ஒருவர் ஒன்றைக் கூறத் தொடங்கியவுடனே மற்றவர் அதில் குறை காண்கின்றனர். ஆதலால் அடுத்தவர் வாய் திறக்க அஞ்சுகின்றார் என்று கண்டார். 1953ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எண்ணங்களைத் திரட்டுதற்கு நான்கு விதிகளை அவர் விளக்கினார். எண்ணங்களைக் கூறும் வேளையில் எவரும் குறை கூறலாகாது. விந்தையான எண்ணத்தையும் வரவேற்றல் வேண்டும். எண்ணிக்கை மிகுதியாக வேண்டும். ஒருவர் கூறியதோடு மற்றொருவர் கூறியதை இணைத்து வளர்த்தல் வேண்டும். இவையே அந்நான்கும்.

இவ்விதிகள் உலகெங்கும் விரைவாகப் பரவின. ஆயினும் ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. நால்வர் ஒருங்கே அமர்ந்து திரட்டிய எண்ணங்களையும், நால்வர் தனித்தனியே அமர்ந்து எழுதிப் பின்னர்த் தொகுத்த எண்ணங்களையும் ஒப்பிட்டனர். தனித்தனியே எண்ணியோர் தொகுத்தனவே மிகுதியாக இருந்தன. கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியுள்ளது. காத்திருக்கும் வேளையில் வந்த எண்ணம் மறந்துவிடுகின்றது. வெளியே கூறாவிடினும் பிறர் உள்ளத்தில் பழிப்பாரோ என்ற அச்சமும் நிற்கின்றது. பின்வந்த ஆராய்ச்சியாளர் கண்ட காரணங்கள் இவை. ஆகலின், முதலில் தனித்து எண்ணுக. அதன் பின் கூடி அவ்வெண்ணங்களை வளர்க்க என்பதே இரண்டு ஆராய்ச்சிகளும் சேர்ந்து கற்பிக்கும் பாடமாகும்.

இப்பாடம் ஓர் ஊரில் எவ்வாறு பயன்படும்? ஆத்தூர்ப் பகுதியில் மகளிர் ஐவர் கூடி, கையால் அணிகலன் செய்து விற்க விரும்புகின்றனர் எனக் கொள்க. அழகிய நகை செய்வது எவ்வாறு என்று அவர்கள் தம்மைக் கேட்டுக்கொண்டால் விடை கிடைக்காது. கேள்வி அத்துணைப் பரந்தது. பள்ளிச் சிறுமி நாள்தோறும் அணிவதற்குரிய காதணி, காதுக்குச் சுமையாகலாகாது, மழையில் நிறம் போகலாகாது, பொருட்செலவு இருபது ரூபாய்க்கு மேற்படலாகாது. கேள்வியை இவ்வாறு வரையறுத்தால் உள்ளம் உடனே வேலை செய்யத் தொடங்கும். வரையறை எண்ணத்திற்குத் தடை என்று சிலர் நினைப்பர். ஒவ்வொரு காலையும் வாயிலில் கோலமிடும் பெண்கள் அதனை ஒப்பமாட்டார்கள். புள்ளிகளை முதலில் வைத்துவிடுகின்றனர். அப்புள்ளிகளுக்கு உட்பட்டே கோடுகளை இழுக்கின்றனர். ஒரே புள்ளிக் கணக்கில் எத்தனை எத்தனை கோலங்கள் தோன்றுகின்றன!

ஐவரும் ஆளுக்கொரு தாளில், எவரோடும் பேசாமல், கால் மணி நேரம் எழுதட்டும்; எழுத வராதவர் வரையட்டும். தாளில் எதனையும் அடித்தலோ அழித்தலோ கூடாது. முதலில் வருவன எல்லார்க்கும் வரும் எண்ணங்களே: சுடுமண்ணில் பூ, சுடுமண்ணில் இலை, சுடுமண்ணில் மயில். அவை தீர்ந்த பின்னரே உள்ளம் தன் சுற்றுப்புறத்தை நோக்கத் தொடங்கும். தென்னந்தோப்பில் சிரட்டை கிடக்கின்றது. அதனை அறுத்துத் தேய்த்தால் கருமை மின்னும் தகடு கிடைக்கும். புளியங்கொட்டையின் பழுப்பு நிறம் எந்தச் சாயமும் தர இயலாத நிறம். சிறுமலை வாழைக்குப் பெயர் பெற்றது. வாழைநாரை முறுக்கினால் கயிறாகும். அருகில் உள்ள சின்னாளபட்டியில் சுங்குடிப் புடைவை செய்வோர் துணியைச் சிறுசிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்க்கின்றனர். முடிச்சை அவிழ்க்கும்போது வெண்புள்ளிகள் விண்மீன்கள்போலத் தோன்றுகின்றன. அப்புள்ளி வரிசையை மணி வரிசையாக மாற்றினால் என்ன?

அவர்களுள் இளையவள் ஒருத்தி, ஒரு காதில் பூட்டும் மறு காதில் சாவியும் தொங்கினால் எப்படி இருக்கும் என்று எழுதுகின்றாள் எனக் கொள்க. படிக்கின்றவர்க்குச் சிரிப்பு வரும். காதணி என்றால் இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்பது வழக்கம் அன்றோ? அவ்வேளையில் மூத்தவர் ஒருவர், இது என்ன விளையாட்டு என்று கூறினால், அவ்வெண்ணம் அங்கேயே மாண்டுவிடும். அச்சிறுமி அடுத்த எண்ணத்தைக் கூறவும் துணியமாட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அதனைத் தாளில் நிற்க விட்டால் நிகழ்வது வேறு. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற நகரம். மாங்காய் வடிவில் செய்யும் மாங்காய்ப் பூட்டு அந்நகரத்துக்கே உரிய கைவேலை. மாங்காய் மாலையோ அணிகலன்களில் பழமையானது. பூட்டையும் மாலையையும் இணைப்பதற்கு மாங்காய் ஒன்று நடுவே நிற்கின்றது! விளையாட்டாகத் தோன்றிய எண்ணம், வேறெந்த ஊராரும் செய்ய இயலாத, அந்நாட்டுக்கே உரிய காதணியாக மாறிவிட்டது.

இவ்வாறு திரட்டியவற்றை மேலும் பெருக்குவதற்குச் சில கேள்விகள் உதவும். இராபர்ட்டு எபர்லே என்னும் அமெரிக்க ஆசிரியர் 1971ஆம் ஆண்டில் சிறுவர்களுக்காக அக்கேள்விகளை முறைப்படுத்தி வெளியிட்டார். ஒரு பொருளுக்கு மாற்றாக வேறொன்றை இடலாமா? இரண்டை இணைக்கலாமா? வேறொரு துறையினின்று ஒன்றைத் தழுவலாமா? பெரிதாக்கவோ சிறிதாக்கவோ இயலுமா? வேறு பயனுக்கு ஆக்கலாமா? ஏதேனும் ஒன்றை நீக்கலாமா? தலைகீழாக்கலாமா? இக்கேள்விகளைக் கேட்பவர் பழைய கைவினைஞரின் வழியிலேயே செல்கின்றார். பொன்னுக்கு மாற்றாக அரக்கை உள்ளே நிரப்பியது முதற் கேள்வி. காசை மாலையாக்கியது பயனை மாற்றும் கேள்வி. துளையை முன்னே வைத்தது தலைகீழாக்கும் கேள்வி.

திரட்டும் வேளை முடிந்தபின் ஆராயும் வேளை வருகின்றது. முன்னதில் எத்துணை இரக்கம் வேண்டுமோ, பின்னதில் அத்துணைக் கண்டிப்பு வேண்டும். சுடுமண் பூட்டு காதை இழுக்கும். ஆதலால் அதனைச் சிரட்டைத் தகட்டில் செய்தல் நன்று. களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். ஆகலின் மணியின் துளையை நூலின் பருமனைவிடச் சற்றுப் பெரிதாகவே இடுதல் வேண்டும். காதில் நுழையும் கொக்கி மலிவான உலோகமாயின் சிலர்க்குப் புண் உண்டாகும். செந்நிறமும் கருமையும் கலந்த குன்றிமணி காண்பதற்கு இனியது. முற்காலத்தில் பொற்கொல்லர் பொன்னை நிறுப்பதற்கு அதனைப் பயன்படுத்தினர். ஆயினும், அவ்விதையின் உட்பகுதி கொடிய நஞ்சு. அதனைத் துளையிட்டுச் சிறுவர் அணியும் மாலையில் கோத்தல் தகாது. அழகிய எண்ணம் எல்லாம் நல்ல எண்ணம் ஆகிவிடாது என்பதற்கு இக்குன்றிமணி ஒன்றே போதும். அதனைத் தாளில் எழுதியதில் பிழையில்லை. ஆராயாமல் கோத்திருந்தாலே பிழை.

இறுதித் தீர்ப்புக் கூறும் உரிமை கைக்கு உரியது. தாளில் அழகாக விளங்கும் வடிவம் கையில் எடுத்தவுடன் கோணலாகும். எண்ணாத ஓர் அழகு, கை தவறிய இடத்தில் தோன்றும். குறடும் சாமணமும் அரமும் பிடித்துப் பழகியவர் பொருளோடு உரையாடுகின்றார். மண் தன் இயல்பைக் கூறும். நார் தன் இயல்பைக் கூறும். அதனைக் கேட்டு எண்ணத்தைத் திருத்திக்கொள்வதே கைவினை.

இவற்றையெல்லாம் ஒப்பாதவரும் உளர். மரபான வடிவங்களை மாற்றுதல் தகாது என்பது அவர்கள் கூறும் முதல் தடை. மரபைப் போற்றுவோர் நாஞ்சில் நாட்டு வடசேரியை நினைத்துப் பார்த்தல் நலம். நாகர்கோவிலைச் சார்ந்த அவ்வூரில் கோயில் நகைகள் செய்யப்படுகின்றன. தெய்வத் திருமேனிகளுக்கு அணிவித்த நகைகளின் வடிவம் அது. பின்னர் அவ்வடிவத்தை நடனமாடுவோர் அணியத் தொடங்கினர். பொன்னாலே அத்தனையும் செய்தல் அவர்க்கு இயலாது. ஆகலின் வெள்ளியில் செய்து, பொன்னிலை போர்த்து, சிவப்புக் கற்களைப் பதித்தனர். அணிவோர் மாறினர், பொருள் மாறியது, எடை மாறியது. ஆயினும் மரபு அழிந்ததா? அம்மாற்றத்தாலேயே அது வாழ்கின்றது. அவ்வூர்க் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு என்னும் சட்டக் காப்பும் கிடைத்துள்ளது. முன்னோர் செய்த வடிவத்தை மட்டுமன்றி, அவர்கள் எண்ணிய முறையையும் காப்பதே முழுமையான மரபுக் காப்பு.

இரண்டாவது தடை பிழைப்பைப் பற்றியது. வாங்குவோர் ஒரு படத்தைக் காட்டி, இதைப் போன்றே வேண்டும் என்கின்றனர். பார்த்துச் செய்தால் உடனே விலையாகின்றது. புதியது எண்ணிக் காத்திருக்க ஏழைக் கைவினைஞர்க்கு ஏது பொழுது? இத்தடையை எளிதாகத் தள்ளிவிட இயலாது. அடுப்பெரிய வேண்டுமெனில் அன்றாடம் விற்பனை வேண்டும். ஆயினும், பார்த்துச் செய்வதிலேயே காலம் கழித்தவர்க்கு நேர்வது என்ன என்பதையும் காணுதல் வேண்டும்.

எந்திர அச்சு ஒரே வடிவத்தை நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளுகின்றது. ஒன்றைப்போல் மற்றொன்றைச் செய்வதே போட்டியாயின், அப்போட்டியில் கை எந்நாளும் தோற்கும். திண்டுக்கல் பூட்டுத் தொழிலே இதற்குக் கண்கூடான சான்று. ஒருகாலத்தில் அந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் வீடுதோறும் அரம் ஒலித்தது. எந்திரத்தால் செய்த மலிவான பூட்டுகள் வந்து சந்தையை நிறைத்தபின் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெருமைக்கு உரியது; ஆனால் குறியீடு மட்டும் இளைஞர்களைப் பட்டறைக்கு அழைத்து வராது. இன்றும் நிலைத்து நிற்கும் பூட்டுத் தொழிலாளர் எதனால் நிற்கின்றனர்? எந்திரம் செய்யாத பூட்டை அவர்கள் செய்வதால் அன்றோ? தவறான சாவியிட்டால் மணியடிக்கும் பூட்டு முதலிய விந்தைப் பூட்டுகளை எண்ணியவர் முன்னோர். அவ்வெண்ணத்தின் மிச்சத்தில்தான் இன்றும் தொழில் நடக்கின்றது.

அணிகலன் தொழிலும் அதே சாலையில்தான் நடந்துகொண்டிருக்கின்றது. கணிப்பொறி நொடிப்பொழுதில் நூறு வடிவங்களை வரைந்து தரும் காலம் இது. அதனையும் ஒரு கருவியாகக் கொள்ளலாம்; வெறுத்தல் வேண்டா. ஆயினும், அந்நூற்றுள் எது ஆத்தூர் மண்ணில் நிற்கும், எது அடுத்த வீட்டுச் சிறுமியின் காதுக்குப் பொருந்தும், எது திருவிழாவில் விலையாகும் என்று தேர்தற்கு அறிவு வேண்டும். பல எண்ணங்களைத் தாமே திரட்டிப் பழகாதவர் பிறர் தரும் நூற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் அறியமாட்டார். கிழமையில் ஆறு நாள் கேட்டதைச் செய்து கொடுக்கட்டும். ஏழாம் நாளில் ஒரு நாழிகையேனும் கேளாததை எண்ணட்டும். ஏழைக் கைவினைஞர்க்கும் இவ்வளவு இயலும். இவ்வளவேனும் செய்யாவிடின் அவர் மக்கள் அத்தொழிலில் நிற்கமாட்டார்கள்.

இவ்வழக்கத்தை விதைத்தற்கு ஏற்ற இடம் பள்ளிக்கூடமே. ஆத்தூருக்கு அருகில், சின்னாளபட்டியை அடுத்து, காந்திகிராமம் உள்ளது. மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தனர். 1956ஆம் ஆண்டில் அங்கே கிராமியக் கல்வி நிலையம் எழுந்தது. 1976ஆம் ஆண்டில் அது பல்கலைக்கழக நிலையைப் பெற்றது. கையும் அறிவும் சேர்ந்து வளர்தல் வேண்டும் என்பது காந்தியடிகளின் ஆதாரக் கல்விக் கொள்கை. அக்கொள்கையை மனத்தில் கொண்டு எழுந்த நிலையம் அது. நூல் நூற்கும் பிள்ளை நூலை மட்டும் நூற்பதில்லை. கணக்கையும் பொறுமையையும் சேர்த்தே நூற்கின்றது.

ஆயினும் பல பள்ளிகளில் கைத்தொழில் வகுப்பு எவ்வாறு நடைபெறுகின்றது? மாதிரி ஒன்றை முன்னே வைக்கின்றனர். அதனைப் போன்றே செய்யுமாறு பணிக்கின்றனர். மாதிரியோடு மிக ஒத்திருக்கும் பொருளுக்கே மிகுந்த மதிப்பெண் இடுகின்றனர். நாற்பது மாணவர் செய்த நாற்பது மாலைகளும் ஒன்றுபோல் இருந்தால் அவ்வகுப்பில் கைகள் பழகின. உள்ளங்கள் உறங்கின என்றே கொள்ளுதல் வேண்டும். மாதிரியைப் பார்த்துக் கற்றல் முதற் படி. அதனை வேண்டா என்பார் இலர். அப்படியில் நின்றுவிடுவதே குறை. மாணவர் ஒவ்வொருவரும் தனியே ஒரு சுவடி வைத்து, தாம் கண்ட வடிவங்களையும் தோன்றிய எண்ணங்களையும் அதில் வரைந்து வருதல் வேண்டும். அச்சுவடியில் ஆசிரியரின் செம்மைக்கோடு விழலாகாது. மாதத்தில் ஒரு நாள் அவற்றை நடுவே வைத்து, ஒருவர் எண்ணத்தோடு மற்றொருவர் எண்ணத்தைக் கோத்துப் பார்த்தல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. புளியங்கொட்டையும் சிரட்டையும் களிமண்ணும் நூலும் எவ்வூரில்தான் கிட்டா?

இப்பழக்கத்தின் பயன் அணிகலனோடு முடிவதன்று. தன் எண்ணத்தைப் பழிப்புக்கு அஞ்சாமல் கூறவும், பிறர் எண்ணத்தைச் சிரிக்காமல் கேட்கவும், தனக்கு இனிய எண்ணமே ஆயினும் தகாதெனக் கண்டால் கைவிடவும் பழகிய மாணவர், நாளை எத்தொழிலை மேற்கொண்டாலும் அத்தொழிலில் ஒளி பெறுவர். வயலில் நீர் பாய்ச்சுவோரும், ஊராட்சி மன்றத்தில் அமர்வோரும், ஆய்வுக்கூடத்தில் உழைப்போரும் அன்றாடம் செய்ய வேண்டியது இதுவே.

ஆத்தூர்த் திண்ணையில் அமர்ந்திருந்த பெண் இதற்குள் பூச்சரத்தைத் தொடுத்து முடித்திருப்பாள். அருகிலிருந்த தன் மகளை அழைத்து அவள் கூந்தலில் சூட்டுவாள். நாளைக் காலையில் அச்சரம் வாடிவிடும். நாளை மாலையில் கூடையில் வேறு பூக்கள் இருக்கும். அச்சிறுமியும் தாயின் அருகில் அமர்ந்து ஒரு நாரை எடுப்பாள். மல்லிகைக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம் என்று தாய் அவளைக் கேட்கட்டும். அவள் கூறும் முதல் விடையைக் கேட்டுச் சிரியாதிருக்கட்டும்.